லொறி டீசலைக் குடிக்கிறதா? கூலன்ட் சென்சரைப் பாருங்கள்

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் போகும் எங்கள் பதினாலரை அடி லொறி லீட்டருக்கு 7 கிலோமீட்டர் ஓடும். திடீரென்று ஐந்தரைக்கு இறங்கிவிட்டது. 2022இல் கியூஆர் காட்டி டீசல் வாங்கிய காலத்திலிருந்து ஒவ்வொரு லீட்டரையும் கொப்பியில் எழுதும் பழக்கம் இருந்ததால்தான் கண்டுபிடித்தேன். கராஜ் பாஸ் இன்ஜெக்டர் நாலையும் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றார். கடைசியில் பிழை பெருவிரல் அளவு சென்சர் ஒன்றில் இருந்தது.

இந்தச் சென்சர், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று எஞ்சினின் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும். அது பொய் சொன்னால், எஞ்சின் இன்னும் குளிரில் கிடக்கிறது என்று நினைத்து ஈசியூ ஐட்லிங்கை ஏற்றி, டீசலையும் கூட்டிவிடும். எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும் என்றில்லை. எனக்கு எரியவே இல்லை.

வாங்குவதற்கு முன் உறுதிப்படுத்துங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்து, சென்சருக்குப் பக்கத்து உலோகத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானியையும் பிடியுங்கள். எனக்கு ஸ்கேனர் 55 டிகிரி காட்டியது, வெப்பமானி 82. ஒரு விஷயம்: கார்களுக்கென்று விற்கும் மலிவான புளூடூத் ஸ்கேனரை 24 வோல்ட் லொறியில் செருகாதீர்கள். நான் செருகினேன், புகை வந்தது. 24 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். எங்கள் மூடுபனிக்கு உள்ளே பச்சை பூத்திருக்கும். சில நேரம் துடைத்தாலே வேலை முடிந்துவிடும்.

மாற்றும் வேலை அரை மணிநேரம்தான். எஞ்சின் ஆறியபின் பற்றரியைக் கழற்றி, கூலன்ட்டைச் சென்சர் மட்டத்துக்குக் கீழே வரும்வரை சுத்தமான பேசினில் இறக்குங்கள். என் லொறிக்கு 19 மி.மீ. நீள சொக்கெட் சரியாக இருந்தது. அஜஸ்டபிள் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். பித்தளை மூலை மழுங்கினால் பிறகு அழுவீர்கள். பழைய செம்பு வொஷரைத் திரும்பப் போடாதீர்கள். வொஷர் உள்ள சென்சருக்கு டெஃப்லோன் டேப்பும் தேவையில்லை. கையால் முறுக்கி, கடைசியில் மட்டும் சொக்கெட்டால் இறுக்குங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதற்கு முன்பே இருக்கிறது. புதுச் சென்சரைப் பூட்டுவதற்கு முன் சோதிக்க நினைத்தேன். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, நுனியை அதில் அமிழ்த்தி, இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரைப் பிடித்தேன். எந்தச் சூட்டில் எத்தனை ஓம் என்று சொல்லும் சென்சர் அட்டவணைப்படி 100 டிகிரியில் சுமார் 185 ஓம் வரவேண்டும். வந்தது 220. போலிச் சாமான் என்று முடிவுகட்டி, அடுத்த பயணத்தில் கொழும்பு பஞ்சிகாவத்தை வரை போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அதுவும் 220!

நுவரெலியாவில் பருப்பு அவிய ஏன் நேரமாகிறது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குத்தான் அது சென்சருக்கும் பொருந்தும் என்று உறைக்கவில்லை. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். ஆக, இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அந்த வெப்பத்துக்கு 220 ஓம் சரிதான். பழையதைப் போட்டுப் பார்த்தேன், 700 காட்டியது. அதனால் தண்ணீருக்குள் ஒரு வெப்பமானியையும் போட்டுவிட்டு, அது காட்டும் டிகிரியை அட்டவணையில் தேடுங்கள். என்னுடையது போன்ற பல ஜப்பான் சென்சர்களுக்கு 20 டிகிரியில் சுமார் இரண்டரைக் கிலோ ஓம், 80இல் 300ஐ ஒட்டி வரும்.

பூட்டியபின் கூலன்ட்டை நிரப்பி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை ஓடவிடுங்கள். லொறியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கவேண்டும். நம்மூரில் மேட்டைத் தேடியா போகவேண்டும்! சென்சரைச் சுற்றிக் காற்று தங்கினால் புதுசும் பொய் சொல்லும்.

மைலேஜை ஒருவழிப் பயணத்தில் பார்க்காதீர்கள். றம்பொடை இறக்கத்தில் எந்த லொறியும் நல்ல பிள்ளைதான். ஒரே பம்பில் டேங்கை நிரப்பி, போய்த் திரும்பி வந்து, மறுபடி அங்கேயே நிரப்பிக் கணக்குப் போடுங்கள். எனக்கு இப்போது 6.8.

பின்சேர்க்கை: ஹட்டனிலிருந்து ஒரு தம்பி, "அண்ணே, மாற்றியும் ஒன்றும் மாறவில்லை" என்று எழுதியிருந்தார். விசாரித்தால் அவர் மாற்றியது டாஷ்போர்டில் சூடு காட்டும் மீட்டர் முள்ளுக்கான சென்சரை. பல எஞ்சின்களில் இரண்டு இருக்கும். ஒற்றை வயர் போவது பெரும்பாலும் முள்ளுக்கு. சரியானதை மாற்றியும் ஸ்கேனர், வெப்பமானி இரண்டுமே 60ஐத் தாண்டவில்லையாம். அப்படியென்றால் சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. குளிரில் ஸ்டார்ட் செய்த இரண்டொரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் குழாய் இளஞ்சூடானால் அதுதான்.