வளர்ப்புப் பன்றிகளுக்கான மீட்புக் காப்பகம்: தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"கையளவு குட்டியாக வாங்கினோம், இப்போது கதவை உடைக்கிறது. எடுத்துக்கொள்வீர்களா?" காப்பகத்துக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வாழ்நாள் முழுவதும் குட்டியாகவே இருக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட பன்றி அது. அப்படி ஓர் இனமே கிடையாது. பெரும்பாலும் அப்படி விற்கப்படும் பானை வயிற்றுப் பன்றி (pot-bellied pig) முழுமையாக வளர 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும். எடை எளிதாக 50 கிலோவைத் தாண்டும். பெண் பன்றி சில மாதங்களிலேயே சினை பிடித்துவிடும். எனவே 'தாயே எவ்வளவு சிறியது பாருங்கள்' என்று விற்பவர் காட்டுவது, பல நேரம் வளர்ந்து முடியாத இன்னொரு குட்டியைத்தான். ஏமாந்து வாங்கியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பன்றி என்ன தின்றது, எதற்குப் பயப்படும், எந்த ஊசி போடப்பட்டது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும்.

படி 1: எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

நன்றாகப் பராமரித்தால் ஒரு பன்றி 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை ஆண்டுத் தீவனம், மருத்துவம், ஆள் உதவி ஆகியவற்றைக் கணக்கிட்டு, எத்தனை பன்றிகள் என்று ஒரு வரம்பை எழுதி வையுங்கள். வரம்பை எட்டியபின் வரும் அழைப்புக்கு 'இல்லை' என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. அதைச் சொல்ல முடியாத காப்பகத்தில் உள்ளே இருக்கும் பன்றிகள் பட்டினி கிடக்கும்.

படி 2: அனுமதியும் மருத்துவரும்

பல நாடுகளில் சட்டத்தின் கண்ணுக்கு வீட்டுப் பன்றியும் பண்ணை விலங்குதான். வளர்க்கவும் இடம் மாற்றவும் பதிவு தேவைப்படும். முதல் பன்றி வருவதற்கு முன்பே, பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்து பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப் பேசிவிடுங்கள்.

படி 3: வேலி, கூரை, சேறு

பன்றி வேலியைத் தாண்டாது; மூக்கைக் கொடுத்து அடியிலிருந்து தூக்கும். ஆகவே வேலியின் அடிப்பகுதிதான் உறுதியாக இருக்க வேண்டும். கொட்டிலில் ஈரமும் காற்றடிப்பும் இல்லாமல், புதையும் அளவுக்கு வைக்கோல் போடுங்கள். வியர்த்து உடலைக் குளிர்விக்கப் பன்றியால் முடியாது. நிழலும் சேற்றுக்குழியும் இல்லாவிட்டால் வெயில் அதைக் கொன்றுவிடும். வெளிர்நிறத் தோலில் வெயிற்புண் வரும்; சேற்றுப் பூச்சு அதையும் தடுக்கிறது.

படி 4: வந்தவுடன் தனி இடம்

புதிய பன்றியைக் குறைந்தது 30 நாட்கள் மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். அதற்கெனத் தனிக் காலணி, தனிப் பாத்திரம். தினசரி வேலையில் அதைக் கடைசியாகக் கவனியுங்கள். சாணத்தில் புழு, தோலில் சொறி, குளம்பின் நீளம், ஆணாக இருந்தால் கோரைப்பல் ஆகியவற்றை மருத்துவர் பார்க்கட்டும். நீரின்றித் தவித்து வந்த பன்றிக்கு ஒரே மூச்சில் வாளித் தண்ணீர் வைக்காதீர்கள். உடலில் உப்பு ஏறிய நிலையில் திடீரென நிறைய நீர் குடித்தால் மூளை வீங்கி வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

படி 5: கருத்தடை

இதில் விதிவிலக்கே வேண்டாம். சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள்தான். ஒரு கவனக்குறைவு பத்துக் குட்டிகளாகப் பெருகிவிடும். கருத்தடை செய்யாத முதிய பெண் பன்றிகளுக்குக் கருப்பைக் கட்டி வருவது சாதாரணம். அறுவை முடிந்த பிறகும் ஆண் பன்றிக்குச் சில வாரங்கள் இனப்பெருக்கத் திறன் எஞ்சியிருக்கும் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை பெண் பன்றிகளுடன் விடாதீர்கள்.

படி 6: உணவு

இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் தீவனம் இவற்றுக்கு ஆகாது. அதிகம் கொழுத்த பன்றியின் நெற்றிச் சதை கண்களை மூடிவிடும்; பார்வை மறைந்து, மூட்டு வலித்து, எழுந்திருக்கவே அஞ்சும். அளந்த தீவனம், புல், காய்கறி போதும். இறைச்சி கலந்த மிச்ச உணவு வேண்டவே வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த வழியாகவும் பரவும். அதற்கு மருந்து இல்லை.

படி 7: கூட்டத்தில் சேர்ப்பது

பொறுமை முழுவதையும் இங்கே செலவிடுங்கள். முதலில் வேலிக்கு இருபுறமும் சில வாரங்கள் பார்த்துப் பழகட்டும். பிறகு இரண்டுக்கும் உரிமையில்லாத, மூலைகளில் மாட்டிக்கொள்ளாத அகலமான இடத்தில் விடுங்கள். சண்டை வரும். தோளோடு தோள் மோதி, காதைக் கடித்து, யார் பெரியவர் என்று முடிவாகும்வரை அது ஓயாது. கையை நடுவே நீட்டாதீர்கள். பலகை ஒன்றைக் குறுக்கே நுழைத்துப் பிரித்துவிடுங்கள். இரத்தக் கீறல் சிறியதாக இருந்தால் தொடர விடலாம். ஒன்று தோற்று ஓடிய பிறகும் மற்றது துரத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மனிதரிடம் அடிபட்டு வந்த பன்றியைத் தூக்கவே கூடாது. தரையை விட்டுக் கால் எழும்பினால், வேட்டை விலங்கு பிடித்ததாக நினைத்து அலறும். கொட்டிலில் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், மெல்லப் பேசிக்கொண்டிருங்கள். நான் அப்படி உட்கார்ந்த பதினோராம் நாள் மாலையில், ஈர மூக்கு ஒன்று என் பாதத்தைத் தொட்டது. அன்று முழுவதும் நான் அசையவில்லை.

படி 8: தத்துக் கொடுப்பது

இடத்தை நேரில் பாருங்கள். பன்றி தனியாக வாடும் என்பதால், துணை இல்லாத வீட்டுக்கு ஜோடியாகவே கொடுங்கள். பராமரிக்க முடியாத நிலை வந்தால் வேறு யாருக்கும் கைமாற்றாமல் காப்பகத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அப்படித் திரும்பி வரும் பன்றிக்காக ஒரு கொட்டிலை எப்போதும் காலியாக வைத்திருங்கள்.