லேஆஃப் என்றதும் முதலில் கேட்க வேண்டியது ஒரு தேதி

அமெரிக்காவில் பெரிய ரீடெய்ல் (சில்லறை விற்பனை) நிறுவனம் ஒன்றின் ஐடி பிரிவில், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்காக, லேஆஃப் (ஆட்குறைப்பு) வந்தால் என்ன செய்வது என்று எழுதுகிறேன். டல்லாஸ் பக்கம் அப்படியொரு நிறுவனத்தில் ரீப்ளெனிஷ்மென்ட் டீமில் இருந்தேன். எந்தக் கடைக்கு எந்தச் சரக்கு எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள் எங்களுடையது. டீமை மொத்தமாகக் கலைத்தார்கள். 2025 மே மாதம் வால்மார்ட் தொழில்நுட்பப் பிரிவு உட்பட சுமார் 1,500 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் டார்கெட் 1,800 அலுவலக இடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் 800 ஆள் நிரப்பப்படாத காலியிடங்கள். நன்றாக வேலை செய்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பட்டியல் போடுகிறவருக்கு உங்கள் முகமே தெரியாது.

திடீரென்று ஒரு சின்ன மீட்டிங் அழைப்பு வரும். மேனேஜர் எழுதி வைத்ததைப் படிப்பார், ஹெச்ஆர் பக்கத்தில் இருப்பார். காரணம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். "என் டெர்மினேஷன் தேதி (வேலை முடியும் தேதி) எது? அதுவரை பே-ரோலில் (சம்பளப் பட்டியலில்) இருப்பேனா?" இதை மட்டும் கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், அடுத்து வரும் எல்லாமே அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். வேலை முடிந்த பிறகு எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். பொதுவாகச் சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளை வைத்து இதை எண்ணுவார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது மொத்தமாகக் கொடுக்கும் செவரன்ஸ் பணம் அந்த நாளைத் தள்ளிப்போடாது. மூன்று மாதச் சம்பளம் கைக்கு வந்தாலும் அவகாசம் மூன்று மாதம் நீளாது. வார்ன் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் கூட்டமாக ஆட்களை நீக்கும்போது 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பல கம்பெனிகள் லேப்டாப்பை அன்றே பூட்டிவிட்டு, அந்த 60 நாளும் உங்களைப் பே-ரோலில் வைத்திருக்கும். வேலையே செய்யாமல் சம்பளம் வாங்கும் இந்த நாட்களை எப்படி எண்ணுவது என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே கம்பெனி வக்கீலை நம்பாமல், சொந்தக் காசில் ஒருவரைப் பாருங்கள். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல்.

60 நாளுக்குள் வேலை கிடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. புது கம்பெனியின் மனு அதற்குள் யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் எல்சிஏ (தொழிலாளர் துறையின் சம்பள ஒப்புதல்) வாங்கவே ஏழு வேலை நாள் ஆகும், பிறகு வக்கீல் ஆவணம் கேட்டு இழுப்பார். நாற்பதாவது நாளுக்குள் ஆஃபர் கையில் இல்லையென்றால் மாற்று வழிக்கு இறங்கிவிடுங்கள். கணவனோ மனைவியோ எச்-1பியில் இருந்தால் எச்-4 (துணைக்கான விசா நிலை), இல்லாவிட்டால் பி-2 (சுற்றுலா நிலை). இரண்டுக்கும் விசா நிலையை மாற்றும் ஐ-539 படிவம், அதுவும் கெடுவுக்குள். பி-2வில் வேலை செய்யக் கூடாது. மனம் வெறுத்து உடனே விமானம் ஏறிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் உத்தரவின்படி, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புது மனு போட 1,00,000 டாலர் கட்டணம். உள்ளே இருந்துகொண்டு முறையாகக் கம்பெனி மாறுகிறவருக்கு அது கிடையாது.

அன்று மாலையே ஆவண வேலை. ஐ-797 (எச்-1பி ஒப்புதல் கடிதம்), எல்சிஏ, பே-ஸ்டப் (சம்பளச் சீட்டு), டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிப் படிவம்), ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) நகல் எல்லாம் வேண்டும். ஐ-140 கடிதம் கம்பெனிக்குத்தான் போகும், கேட்டு வாங்குங்கள். அப்ரூவ் ஆகியிருந்தால், கம்பெனி திரும்பப் பெற்றாலும் வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்லும் முன்னுரிமைத் தேதி பொதுவாகப் போகாது. இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசையில் அந்தத் தேதிதான் சொத்து. ஸ்டாக் (பங்கு) கணக்கும் 401(கே) ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கும் ஆபீஸ் மெயிலில் இருந்தால், சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். கம்பெனியின் புரோகிராம் கோடை (code) மட்டும் தொடாதீர்கள், ஒரு வரிகூட எடுக்க வேண்டாம்.

செவரன்ஸ் ஒப்பந்தத்தில் அன்றே கையெழுத்து போடாதீர்கள். 40 வயது நிரம்பியவர்களுக்குக் கூட்ட லேஆஃபில் யோசிக்க 45 நாளும், கையெழுத்திட்ட பின் திரும்பப் பெற 7 நாளும் சட்டமே தருகிறது. 22 சதவீதம் ஃபெடரல் வரிப் பிடித்தம் போகத்தான் பணம் வரும்.

மருத்துவக் காப்பீட்டுக்கு கோப்ரா, அதாவது வேலை போன பிறகும் கம்பெனிக் காப்பீட்டையே தொடரும் சட்ட வழி. பிரீமியம் முழுதும் நீங்கள் கட்ட வேண்டும், 102 சதவீதம் வரை. ஆனால் முடிவெடுக்க 60 நாள் உண்டு, எடுத்தால் பின்தேதியிலிருந்து செல்லும். ஆகவே எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

சர்வீஸ் கம்பெனி வழியாக அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கு வேறு. கிளையண்ட் வெளியே அனுப்பினால் உங்கள் வேலை போகவில்லை. பெஞ்சில் (புராஜெக்ட் இல்லாமல்) இருந்தாலும் எச்-1பி சம்பளத்தை உங்கள் கம்பெனி தந்தே ஆக வேண்டும். "புராஜெக்ட் வரும் வரை சம்பளமில்லை" என்றால் அது சட்டவிரோதம்.

ரெஸ்யூமேயில் ரீடெய்ல்காரர்கள் தங்களைக் குறைத்தே எழுதுகிறோம். "ஜாவா, காஃப்கா" என்று அடுக்குவதைவிட, பிளாக் ஃப்ரைடே அன்று எத்தனை கடைகளின் ஆர்டர் உங்கள் சிஸ்டத்தில் ஓடியது, எத்தனை மணிக்கு எது விழுந்தது, எப்படி நிமிர்த்தினீர்கள் என்று எழுதுங்கள். பிஓஎஸ் (கடையின் பில் போடும் சிஸ்டம்), விலை, இருப்பு, ரிட்டர்ன் எல்லாம் தெரிந்த ஆளை மளிகைச் சங்கிலிகளும் மருந்துக் கடைகளும் கிடங்கு மென்பொருள் கம்பெனிகளும் தேடும். நவம்பர், டிசம்பரில் மட்டும் ரீடெய்லில் ஆள் எடுப்பது மந்தம். பண்டிகை விற்பனைக்காக சிஸ்டத்தில் மாற்றங்களை நிறுத்தி வைக்கும் ஃப்ரீஸ் நேரம், யாரும் எதையும் தொட மாட்டார்கள். அந்த இரண்டு மாதமும் வங்கி, காப்பீடு பக்கம் போடுங்கள்.

ஊரில் அப்பா அம்மாவிடம் சொல்வது உங்கள் இஷ்டம். நான் சொல்லிவிட்டேன், அம்மா கேட்ட முதல் கேள்வி "சாப்பிட்டியா?"

சில இடங்களில் "நீங்களே ராஜினாமா செய்தால் ரெக்கார்டில் நன்றாக இருக்கும்" என்று இனிமையாகச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். விசா காலம் முடியுமுன் கம்பெனியே அனுப்பினால், நீங்கள் நாடு திரும்புவதற்கான நியாயமான பயணச் செலவு அவர்கள் பொறுப்பு. நீங்களாக ராஜினாமா செய்தால் அது கிடையாது. குடும்பத்தின் டிக்கெட்டுக்கும் அது பொருந்தாது, அதைத் தனியாகப் பேரம் பேசித்தான் பார்க்க வேண்டும்.