ஈர்க்குக் குச்சியும் நெட்டியும் வைத்து கிளாத்ரேட் கூண்டு கட்டுவது எப்படி?

அணுக்களோ மூலக்கூறுகளோ சேர்ந்து கூண்டு கட்டி, உள்ளே வேறொரு அணுவையோ மூலக்கூறையோ பிடித்து வைத்திருக்கும் படிகம்தான் கிளாத்ரேட். படத்தில் பார்த்தால் கோட்டுமேல் கோடு விழுந்து தலை சுற்றும், கையால் கட்டினால்தான் பிடிபடும். தஞ்சாவூர்ப் பக்கம் நெட்டிக்கு (நீர்ச்செடியின் லேசான, தக்கை மாதிரித் தண்டு) பஞ்சமில்லை, ஈர்க்கு வீட்டுத் துடைப்பத்திலேயே இருக்கிறது. நெட்டிக்குப் பதில் களிமண் உருண்டை மட்டும் வேண்டாம், காய்ந்தால் வெடித்துவிடும்.

1965-இல் வெளிவந்த 8 சோடியம் அணுவுக்கு 46 சிலிக்கான் அணு என்ற கணக்கில் அமைந்த சேர்மத்தையே எடுத்துக்கொள்வோம். ஈர்க்கின் தடித்த அடிப்பகுதியை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள், நுனி வளையும். பிளேடால் வெட்டிய நெட்டித் துண்டு ஒவ்வொன்றும் ஒரு சிலிக்கான், ஈர்க்குத் துண்டு அவற்றுக்கு இடையே உள்ள பிணைப்பு. ஈர்க்கு அதன் நடுவரை இறங்கட்டும்.

முதலில் சின்னக் கூண்டு: ஒரு ஐங்கோணம், அதன் ஐந்து பக்கத்திலும் ஐங்கோணங்கள், அவற்றோடு பொருந்த இன்னொரு ஐந்து, மேலே மூடி. மொத்தம் 20 நெட்டி, 30 ஈர்க்கு. மூடுவதற்கு முன் ஒரு புன்னைக்காயை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அதுதான் சோடியம். அது ஆடணும், இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், ஏனென்றால் இந்த வகைப் படிகங்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் அணு இப்படி ஆடி வெப்பம் கடப்பதைக் கெடுப்பதால்தான் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆட்கள் இவற்றைத் தேடி வருகிறார்கள்.

பெரிய கூண்டுக்கு அறுகோணத்தில் ஆரம்பித்து, ஆறு ஐங்கோணம், மறுபடி ஆறு, அறுகோண மூடி. 24 நெட்டி, 36 ஈர்க்கு. கொஞ்சம் முரண்டு பிடிக்கும்: நாலு பிணைப்பு போடும் சிலிக்கானுக்குப் பிடித்த கோணம் 109.5 டிகிரி, ஐங்கோணத்தின் 108 ஒத்துப்போகும், அறுகோணத்தின் 120 இழுக்கும்.

அப்புறம், இரண்டு பெரிய கூண்டுகளை ஒரே அறுகோணத்தைப் பங்கிட்டு ஒட்டுங்கள். அந்த அறுகோணத்தின் ஒரு பக்கத்தில் இரண்டுக்கும் இடையே சின்னது உட்காரும், எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. முழு அலகு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் துண்டு, கட்ட 2 சின்னது, 6 பெரியது வேண்டும். இந்த அளவில் அலகின் கனசதுரம் சுமார் 22 செ.மீ. வரும், அதாவது நிஜத்தைவிட ஏறக்குறைய 21 கோடி மடங்கு.

நெட்டியைத் தண்ணீர் மூலக்கூறாகவும் புன்னைக்காயை மீத்தேனாகவும் நினைத்துக்கொண்டால் இதே கூண்டுதான் கடலடி மீத்தேன் ஹைட்ரேட். டெல்டாவில் மீத்தேன் என்றாலே முறைப்பார்கள், சரி, ஆனால் மன்னார்குடிப் பக்கம் பேசப்பட்டது நிலக்கரியில் ஒட்டியிருக்கும் வாயு, அதற்குக் கூண்டு கிடையாது.