‘ரெண்டு வருஷம்தானே’ என்று சிங்கப்பூர் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபீசில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்கள் என்றதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, “ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்” என்பதுதான். நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் மதுரையிலிருந்து கிளம்பினேன். வந்த பிறகு என்னைப் போன்றவர்கள் பலரோடு பேசிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பணத்தையும் நிம்மதியையும் கரைக்கும் தவறுகள் பெரும்பாலும் அந்தத் ‘தானே’யிலிருந்துதான் கிளம்புகின்றன. கொஞ்ச நாள்தானே என்று படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். கொஞ்ச நாள்தானே என்று வரிக்குப் பணம் எடுத்துவைக்காமல் செலவழிக்கிறோம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரிந்துகொள்வதில்லை.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு மற்றதை ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்று விடாதீர்கள். மனைவியையோ கணவரையோ, பிள்ளைகளையோ டிபென்டன்ட் பாஸில் அழைத்துவர உங்கள் நிரந்தர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அப்பா அம்மாவை நீண்டகாலம் உடன் வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி. (இங்கே தமிழில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம்.) மாதாமாதம் மாறும் படிகளையும் சேர்த்து இந்தக் கணக்கு வரும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் (உடலுழைப்பு, நடுத்தரத் திறன் வேலைகளுக்கான அனுமதிகள்) ஊழியர்களுக்கு முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. அதிகச் சம்பள நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பெரிய சம்பளம் என்பதால் எல்லாம் இருக்கும் என்று நினைக்காமல், குடும்பத்துக்கும் சேர்த்து உண்டா, பிரசவத்துக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பலதுறை மருந்தகத்தில் (அரசு நடத்தும் பாலிகிளினிக்) குடிமக்களுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை நமக்குக் கிடையாது.

பெட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இட்லி அரிசி, உளுந்து, புளி எல்லாம் தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைக்கும். அதற்காகக் கிலோ கணக்கில் சுமக்க வேண்டாம். கசகசா மட்டும் கண்டிப்பாகக் கூடாது. இங்கே அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடை செய்த பொருள். அம்மா கட்டிக் கொடுத்த குருமா மசாலாப் பொட்டலத்திலும் பாருங்கள். மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் எதுவும் வேண்டாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம்.

வீடு

அவசரம் அதிகமாகக் கெடுப்பது இங்கேதான். கம்பெனி கொடுத்த ஓட்டல் நாட்கள் முடிவதற்குள் வீடு பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், ஊரிலிருந்தபடியே படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். முகவரின் பதிவெண்ணை, வீட்டு முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சி.இ.ஏ.வின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது எச்.டி.பி. என்ற அரசு அமைப்பு கட்டிய) வீட்டின் வாடகைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கவே கூடாது என்பது சட்டம். “என் கணக்குல போடுங்க, நான் ஓனர்கிட்ட கொடுத்துடறேன்” என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட முடியாது. ஒரு மாதத்துக்கு மட்டும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்கு வெளியே உள்ள ஏற்பாடு.

அடுத்தது ஒப்பந்தம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் முடிந்தபின் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்ப வழி செய்யும் பத்தி அது. அது இல்லாமல் கையெழுத்துப் போட்டவர், திட்டம் பாதியில் நின்று ஊருக்குப் போக நேர்ந்தால் மிச்ச மாத வாடகைக்கும் பொறுப்பாளி. நம்மைப் போல் ‘தற்காலிகமாக’ வருகிறவர்களுக்கு ஒப்பந்தத்தில் இதைவிட முக்கியமான வரி இல்லை என்பேன். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி என்றால் இரண்டு வருடத்துக்கு 288 வெள்ளி. வழக்கமாக அதை வாடகைக்கு இருப்பவர்தான் கட்டுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்வதும் பெரும்பாலும் நம் செலவு.

சமையலை ஒளிக்காதீர்கள். விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ (எளிய சமையல் மட்டும்) என்று போட்டிருந்தால் தினமும் தாளிக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. நான் பார்த்த ஒரு வீட்டில் அடுப்பு பளபளவென்று புதிதாக இருந்தது. உரிமையாளர் அம்மா அதைத் துணியால் துடைத்தபடியே, எண்ணெய் பிடிக்குமா என்று கேட்டார். தினமும் கடுகு வெடிக்கும், வாரம் ஒருநாள் மீன் குழம்பு உண்டு என்று சொன்னேன். வீடு கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் பயந்து பயந்து சமைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சாவி வாங்கிய அன்றே சுவர், கதவு, தரை எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். என் முதல் வீட்டில் குளியலறைக் கதவின் அடிப்பலகை நாங்கள் வரும்போதே ஊறி உப்பியிருந்தது. படம் எடுக்காததால் நிரூபிக்க முடியவில்லை. அட்வான்ஸில் 300 வெள்ளி பிடித்துக்கொண்டார்கள்.

வரி

இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. நமக்கு மத்திய சேமநிதிப் (சி.பி.எஃப்., நம் ஊர் பி.எஃப். போன்றது) பிடித்தமும் கிடையாது. கையில் வருவது முழுச் சம்பளம். அதையே வருமானம் என்று நினைத்துச் செலவு செய்துவிட்டு, மறுவருடம் வரிக் கடிதம் வரும்போது திகைப்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாதம் 7,000 வெள்ளி வாங்குகிற, வரி கணக்கில் குடியிருப்பவராக எண்ணப்படுகிற ஒருவருக்கு ஆண்டு வரி சுமார் 3,700 வெள்ளி வரும். மாதம் 310 வெள்ளி தனியாக எடுத்துவைத்தால் பயமே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஜைரோ முறையில் பன்னிரண்டு தவணையாகக் கட்டவும் முடியும்.

குடியிருப்பவரா இல்லையா என்பது நாள் கணக்கு. ஒரு ஆண்டில் 183 நாள் இருந்தால் குடியிருப்பவர். குறைந்தால் 15 விழுக்காடு அல்லது குடியிருப்பவருக்கான வரி, இதில் எது அதிகமோ அது. ஆண்டுக் கடைசியில் வந்தவர்கள் பதற வேண்டாம். இரண்டு ஆண்டுகளில் தொடர்ந்து 183 நாள் வேலையில் இருந்தால் இரண்டுக்குமே குடியிருப்பவர் என்று எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு. ஊரிலும் ஒரு வேலை இருக்கிறது: பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான கணக்கு) மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். இதைத் தள்ளிப்போடாதவர்கள் குறைவு.

உடன் வருகிறவர்

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. 2021 மே முதல் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை பார்க்க வேண்டுமானால், ஒரு நிறுவனம் அவருக்கென்று தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். முன்புபோல் அனுமதிக் கடிதம் ஒன்றே போதாது. “அங்க போய் உனக்கும் ஒரு வேலை பார்த்துக்கலாம்” என்று சொல்லி, நல்ல வேலையை விடச் செய்து அழைத்துவருகிறோம். பொங்கோலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி எட்டு மாதத்தில் தனக்குத் தெரிந்த வழி ரயில் நிலையத்துக்கும் கடைக்கும் மட்டும்தான் என்றார். சென்னையில் பத்து வருடம் கணக்காளராக இருந்தவர். அவரை மாற்றியது எதிர்வீட்டு அக்கா. இங்கேயே பிறந்தவர். ஒருநாள் லிஃப்டில், “தங்கச்சி, சனிக்கிழமை சமூக மன்றத்துக்கு வரியா?” என்று கேட்டார். இப்போது இருவரும் சேர்ந்துதான் ஈரச்சந்தைக்கு (காய்கறி, மீன் விற்கும் சந்தை) போகிறார்கள்.

ஊர்க்காரர்களோடு மட்டும் வாட்ஸ்அப் குழுவில் வாழ்ந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் இங்கே தமிழ் ஆட்சிமொழி. தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கிறது, நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் அலமாரி அலமாரியாக இருக்கிறது. இந்த ஊர்த் தமிழர்களிடம் “எப்ப ஊருக்குப் போறீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். டாக்சி ஓட்டிய பெரியவர் கோபப்படவில்லை. “இதான் தம்பி என் ஊரு. எங்க தாத்தாவே இங்கதான் பொறந்தாரு” என்றார்.

கிளம்பும்போது

வேலை முடிவதற்கு ஒரு மாதம் முன்பே முதலாளி வரித் துறைக்குத் தெரிவித்து, உங்கள் வரிக் கணக்கை முடிக்க வேண்டும். அது முடியும்வரை உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார்கள். பாஸ் ரத்தானதும் வழக்கமாக 30 நாள்தான் இங்கே தங்கலாம். அதனால் கடைசி வாடகை, டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு எதற்கும் கடைசிச் சம்பளத்தை நம்பாதீர்கள். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.