தாடி ஐரிஸில் புது ரகம் எடுப்பது: முதலில் அளவு நாடா, அப்புறம் மகரந்தம்

புது நிறத்தில் ஒரு ஐரிஸ் பூச்செடி வேண்டும் என்ற ஆசை வந்ததும் நேராக மகரந்தத்தில்தான் கை வைத்தேன். அந்தக் கோடை முழுக்க ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ஆகவே நீங்கள் அளவு நாடாவிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: உயரம் பாருங்கள்

கீழே தொங்கும் மூன்று இதழ்களின் நடுவே மயிர்க்கற்றை இருந்தால் அது தாடி ஐரிஸ். பூந்தண்டு 20 செ.மீ. வரை என்றால் குறுங்குட்டை, 41 வரை குட்டை, 70 வரை நடுத்தரம், அதற்கு மேல் நெட்டை. நடுத்தர உயரத்திலேயே மூன்று வகை உண்டு. அதில் குட்டைக்குப் பிறகு, நெட்டைக்கு முன் பூக்கும் வகையிடம்தான் நான் ஏமாந்தேன்.

நெட்டைக்கு 48 குரோமோசோம்கள், குட்டைக்குப் பெரும்பாலும் 40. இரண்டையும் சேர்த்தால் பாதிப் பாதி வந்து 44 ஆகும்; நான் ஏமாந்த அந்த வகை இப்படித்தான் பிறக்கிறது. கோவேறு கழுதை கதைதான்: நன்றாக வளரும், அழகாகப் பூக்கும், காய்ப்பது அபூர்வம். முதல் முயற்சிக்கு நெட்டையோடு நெட்டையைச் சேருங்கள்.

படி 2: மகரந்தம் வையுங்கள்

மழையில்லாத நாளாக, அன்று விரிந்த பூவாகப் பாருங்கள். தந்தைப் பூவின் மகரந்தப் பையைச் சின்ன இடுக்கியால் எடுங்கள். தாய்ப் பூவின் நடுவில் மூன்று கிளைகள் வளைந்து நிற்கும். ஒவ்வொன்றின் நுனிக்கு அடியிலும் மெல்லிய உதடு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த உதட்டின் மேல்பக்கத்தில் தடவினால்தான் பலன். கிளையின் முதுகில் தடவினால் வீண். பிறகு தொங்கும் இதழ்களைக் கிள்ளிவிடுங்கள். தேனீக்கு உட்கார இடமிருக்காது.

படி 3: சீட்டு கட்டுங்கள்

தாய் பெயர் முதலில், பெருக்கல் குறி, தந்தை பெயர், தேதி. பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை மழையில் கரைந்துவிடும்.

படி 4: காயும் விதையும்

ஏறக்குறைய எட்டு வாரத்தில் காய் பழுப்பாகி நுனி வெடிக்கும். விதையை இலையுதிர் காலத்தில் தொட்டியில் விதைத்து வெளியிலேயே விடுங்கள். ஈரமும் குளிரும் பட்டால்தான் அதன் உறக்கம் கலையும். வசந்தத்தில் முளைக்காத விதை அடுத்த ஆண்டு முளைக்கலாம், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

முதல் பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை நாற்றுக்கு எண் போதும். பூத்ததில் பெரும்பாலானவை உரக்குழிக்குத்தான் போகும். மனசு கேட்காத ஒன்று மிஞ்சினால், ஏற்கெனவே பதிவாகாத பெயராகத் தேடி அமெரிக்க ஐரிஸ் சங்கத்தில் பதியலாம்.