மூடுபனியிலும் காப்பிச் சக்கையை உலர்த்திப் பயன்படுத்துவது எப்படி?

கொடைக்கானலில் காப்பிச் சக்கையை வீட்டுவேலைக்குப் பயன்படுத்த நினைப்பவர் முதலில் பழக வேண்டியது அதை உலர்த்துவதுதான். சமவெளியில் செய்வதுபோல் மொட்டைமாடியில் பரப்பினால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

டிகாக்‌ஷன் முழுவதும் இறங்கிய பின், ஃபில்டரின் மேல்பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டிச் சக்கையை எடுங்கள். சிக்கரி கலந்த தூள் பிசுபிசுப்பாக இருக்குமாதலால் கட்டிகளை விரலால் உதிர்த்துவிடுங்கள்.

அடுத்து, பழைய இரும்பு வாணலியைச் சிறு தீயில் வைத்து, சக்கையை மெல்லிய படலமாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருங்கள். நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டவே வேண்டாம். அதன் பூச்சைச் சக்கை கீறிவிடும். ஆவி அடங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மணல்போல் சரியத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கருகும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் மூடியின் உட்புறம் நீர் கோத்து, பட்ட பாடெல்லாம் வீணாகும் என்பதால், நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள்.

உலர்ந்த சக்கையைக் கிண்ணத்தில் திறந்து வைத்தால் ஃபிரிட்ஜின் வாடை குறையும். மலைப்பூண்டு உரித்த கையில் ஒரு சிட்டிகை வைத்து ஈரத்தோடு தேய்த்தால் பூண்டு நாற்றம் பெரும்பாலும் போய்விடும். அடிப்பிடித்த பாத்திரத்தையும் தேய்க்கலாம். வெள்ளைப் பளிங்கில் மட்டும் கறை படியும்.

தோட்டத்துக்கு உலர்த்தத் தேவையில்லை. சக்கையில் ஏறத்தாழ 2 விழுக்காடு தழைச்சத்து உண்டு. ஆனால் புளிப்பின் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கிவிடுவதால், இதைக் கொட்டினால் மண் புளித்து ஹைட்ரேஞ்சியாச் செடி நீலமாகப் பூக்கும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. வேரருகே கனமாகக் கொட்டினால் ஏடு கட்டி நீரை உள்ளே விடாது; மிஞ்சியிருக்கும் கஃபீன் நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே காய்ந்த இலைகளோடு மட்கவிடுங்கள். மொத்தக் குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் குவியலை மூடி வையுங்கள். கஃபீன் அதற்கு நஞ்சு.

பிற்சேர்க்கை: உலர்த்திய சக்கையிலும் எறும்பு மொய்க்கிறது என்று தாண்டிக்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், அவர் வீட்டில் தூளைக் கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டுகிறார்கள். அத்தகைய சக்கையை மெல்லிய துணியில் கட்டி, இனிப்புப் போக இருமுறை அலசிப் பிழிந்த பிறகே வாணலியில் இடுங்கள். அலசிய நீரைச் செடிக்கு ஊற்றாமல், துணியிலேயே சக்கை தங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சாக்கடையில் விடுங்கள். துகள் போனால் குழாய் வளைவில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.