சமையல் மேடைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் பிடிக்கும்போது

மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது சின்ன வேலை. அதனாலேயே நல்ல மேஸ்திரி சுலபத்தில் வரமாட்டார். சதுர அடிக் கணக்கு அவருக்குக் கட்டாது, மொத்தமாகப் பேசுங்கள். பழைய டைல்ஸை உடைப்பது, கழிவை அள்ளுவது இரண்டும் அதில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், சண்டை வருவது அங்கேதான்.

அப்புறம், அவர் முடித்த ஒரு சமையலறையையாவது நேரில் பாருங்கள். போட்டோவில் எல்லாக் கோடும் நேராகத்தான் தெரியும். சுவிட்ச் பாக்ஸைச் சுற்றி வெட்டிய ஓரம் பிளேட்டுக்குள் மறைந்திருக்கிறதா? டைலின் நான்கு மூலைகளையும் நாணயத்தால் தட்டுங்கள். 'டொக் டொக்'கென்று வெற்றொலி வந்தால் பின்னால் கலவை நிரம்பவில்லை.

விட்ரிஃபைட் டைல், அதாவது கண்ணாடி போல இறுகச் சுட்ட டைல், தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. சிமெண்ட் பால் சரியாகப் பிடிக்காது, டைல் அடெசிவ் என்ற ஒட்டுப் பசை வேண்டும். "எதுக்கு சார், சிமெண்டே போதும்" என்பவர் வேண்டாம். அடுப்புக்குப் பின்னால் டைல் இடுக்குகளை நிரப்ப எபாக்ஸி கிரவுட் (பிசின் கலந்த பூச்சு) போட்டால் எண்ணெய்க் கறை ஏறாது. ஆனால் அது சீக்கிரம் இறுகிவிடும், கை பழகியவர் தேவை. வெட்டிலும் உடைசலிலும் போவதற்கு டைல்ஸை 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். கடைசிப் பணத்தை கிரவுட் காய்ந்து, சுவரைத் துடைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.